பேய்ப்பாரில் ஒரு கயிறு

“கயிறு பிடிக்க மச்சான் இல்லாதவன் என் வள்ளத்துல ஏறக் கூடாது. சொன்னா சொன்னதுதான்!”

கோமஸ் சம்மாட்டி போட்ட சத்தத்தில் மீன் ஏலம் நடந்த இடத்திலிருந்துகூட ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்பார் மட்டும் அசையவில்லை. தோளில் கயிற்றுச் சுருளும், நெற்றியில் ஏற்றிவிட்ட முக்குளிக்கும் கண்ணாடியுமாக அப்படியே நின்றான். சம்மாட்டி என்றால் வள்ளங்களுக்கு முதலாளி. அவர் ஏறாதே என்று சொல்லிவிட்டால் அந்தக் கரையில் வேறு எவனும் ஏற்ற மாட்டான். சங்கு குளிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத கஸ்பார் அதற்கப்புறம் எங்கே போவான்?

சம்மாட்டி சொன்னதில் தப்பும் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்கடியில் சங்கு பொறுக்குகிறவனின் உயிர், அவன் இடுப்பில் கட்டிய கயிற்றில் இருக்கிறது. மேலே அதைப் பிடித்திருப்பவன் அசந்து ஒரு கொட்டாவி விட்டாலும் கீழே இருப்பவன் கதை முடிந்தது. அதனால்தான் கயிறு பிடிக்கும் வேலையைப் பெண்டாட்டியின் அண்ணன் தம்பியிடம் மட்டும் கொடுப்பது அந்தக் கரையின் வழக்கம். கூடப் பிறந்தவள் தாலி அறுந்துவிடக் கூடாதே என்ற பயம் அவன் கையைத் தூங்க விடாது. எப்படி யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

கஸ்பாருக்கும் ஒரு மச்சான் இருந்தான். பெயர் லேயோன். கல்யாணம் ஆன நாளிலிருந்து கஸ்பாரின் கயிறு அவன் கையில்தான் இருந்தது. பிறகு கஸ்பாரின் பெண்டாட்டி ரொசாரி காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. பிள்ளையும் கிடையாது. முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த லேயோன், கயிற்றைச் சுருட்டிக் கஸ்பாரின் வாசலில் வைத்தான். “இனி என்னால ஆவாது மாப்ள” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அன்றோடு பேச்சும் நின்றுவிட்டது.

இரண்டு வருஷம் ஆகிறது. இருவரும் ஒரே தெரு, ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள், முகம் பார்ப்பதில்லை. கஸ்பாருக்கு உள்ளே ஒரே ஒரு நினைப்புதான் அறுத்துக்கொண்டிருந்தது. ‘அப்போ இத்தனை வருஷமும் எனக்காகப் பிடிக்கல. தங்கச்சிக்காகத்தான் பிடிச்சான்.’

அதன்பிறகு கஸ்பார் தன் கயிற்றைப் பாய்மரத்தில் கட்டிக்கொண்டு குளிக்கத் தொடங்கினான். அதுதான் இப்போது சம்மாட்டியைப் பயமுறுத்தியது.

“பாய்மரம் தூங்காது சம்மாட்டி” என்றான் கஸ்பார்.

“தூங்காதுல. ஆனா முழிச்சும் இருக்காது! போன வாரம் நீ நெஞ்சப் பிடிச்சிட்டு மேல வந்தத நான் பாக்கலன்னு நெனச்சியா? உன் சாவு என் வள்ளத்துல வேண்டாம்.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கஸ்பாரைச் சுட்டுவிட்டது.

“பேய்ப்பார்ல இறங்கி ஒரு வலம்புரி கொண்டாந்தா ஏத்துவியளா?”

சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். கடலடியில் நீண்டு கிடக்கும் பவழப் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். ஒத்தப்பனைத் தீவுக்கு அப்பால் கிடக்கும் அந்தப் பாரில் மட்டும் யாரும் குளிப்பதில்லை. ஆளே இல்லாத தண்ணீருக்குள் அங்கே ஒரு கயிறு இழுக்கும் என்று பேச்சு. இறங்கிப் பார்த்தவர்கள் அலறிப் புடைத்துக்கொண்டு மேலே வந்ததாகச் சொல்வார்கள். மனிதக் கை படாத இடமாயிற்றே, அதனால் வலம்புரி கிடந்தால் அங்கேதான் கிடக்கும் என்றும் சொல்வார்கள். சங்கெல்லாம் ஒரு பக்கமாகச் சுழித்திருக்க, லட்சத்தில் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சுழித்திருக்கும். அதுதான் வலம்புரி. அதை எடுத்தவன் பேர் கரையில் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

சம்மாட்டி அவனை மேலும் கீழும் பார்த்தார். “கொண்டா. அதுக்கப்புறம் நீ பாய்மரத்துல கட்டிக்கோ, பனமரத்துல கட்டிக்கோ. ஆயுசுக்கும் நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். வெறுங்கையோட வந்தியானா கரையிலயே கெட. சம்மதமா?”

“சம்மதம்!”

வள்ளத்தைச் செலுத்தத் தண்டல் மொறாயிஸ் முன்வந்தார். வாய் ஓயாத மனுஷர். பேய் இருக்கிறதா இல்லையா என்று நேரில் பார்த்து நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. துடுப்புப் போட இன்னொரு ஆள் வேண்டும். பேய்ப்பார் என்றதும் ஆளாளுக்குப் பல்வலி, வயிற்றுவலி! மறுநாள் காலை வெயில் ஏறும் நேரத்தில் வள்ளத்தைத் தள்ளப்போனபோது, முன்தலைப்பில் ஒருவன் துடுப்போடு உட்கார்ந்திருந்தான். லேயோன்.

கஸ்பாருக்கு ரத்தம் சூடேறியது. “தண்டலே, இவர யாரு கூப்பிட்டது?”

லேயோன் கடலைப் பார்த்தபடி சொன்னான்: “தண்டலே, துடுப்புக்கு ஆள் வேணும்னு சொன்னியளே, வந்தேன். வேற ஒண்ணும் இல்லன்னு சொல்லிருங்க.”

“நல்லாருக்குல! ரெண்டு பேருக்கு நடுவுல என்னயத் தபால்காரனா ஆக்கிட்டியளே” என்று சொல்லி மொறாயிஸ் பாயை விரித்தார்.

வள்ளம் புறப்பட்டது. கரையில் மாதா கோயில் கோபுரம் குண்டூசியளவாகச் சிறுத்து மறைந்தது. ஒத்தப்பனைத் தீவு வந்தது; அதில் ஒரே ஒரு பனை, அதுவும் சாய்ந்த பனை, யாரையோ எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றது. தீவைத் தாண்டியதும் நீவாடு பிடித்து இழுத்தது. நீவாடு என்றால் கடலுக்குள்ளேயே ஓடும் ஓட்டம். மூவரும் மூச்சு வாங்கத் துடுப்புப் போட்டும் வள்ளம் பக்கவாட்டில் நழுவியது.

“வலிங்கல! வலிங்க! சொறிக் கூட்டம் வருது, கைய உள்ள வைங்க!” என்று கத்தினார் மொறாயிஸ். சொறி என்ற அந்தக் கொழகொழ மீன் பட்டால் தோல் வெந்துபோகும். துடுப்பால் விலக்கி விலக்கிப் போனார்கள். நடுவில் லேயோன் பீடி பற்றவைக்க முயன்றான். குச்சி குச்சியாகக் கிழித்தும் பற்றவில்லை. அவன் கை நடுங்கிக்கொண்டிருந்ததைக் கஸ்பார் பார்த்தான். ‘வயசாகுது’ என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உச்சிவெயிலுக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீரின் நிறம் மாறியது. கீழே கரும்பச்சையாகப் பாறை தெரிந்தது. பேய்ப்பார்!

நங்கூரம் இறங்கியது. கஸ்பார் கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பில் முடிந்தான். மறுமுனையை எடுத்துக்கொண்டு பாய்மரத்தை நோக்கி நடந்தான். லேயோன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கைநீட்டவில்லை. கஸ்பார் மரத்தைச் சுற்றிக் கட்டி, முடிச்சை இறுக்கினான்.

“கச்சான் காத்து ஏறுது மக்கா” என்றார் மொறாயிஸ். “ரொம்ப நேரம் நிக்க முடியாது. வலம்புரி கெடச்சாலும் கெடைக்காட்டியும் சீக்கிரம் வா.”

கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டு குதித்தான்.

காதுக்குள் தண்ணீர் அழுத்தியது. கீழே போகப் போக வெயில் மங்கிப் பச்சையாயிற்று. கால் மணலில் பட்டதும், பழக்கதோஷத்தில் இடுப்புக் கயிற்றை ஒருமுறை இழுத்தான். ஓர் இழுப்பு என்றால், ‘நான் இருக்கேன்’ என்று அர்த்தம். மேலே இருப்பவன் பதிலுக்கு ஓர் இழுப்பு இழுத்தால், ‘நானும் இருக்கேன்’ என்று அர்த்தம். படபடவென்று இழுத்தால் ‘தூக்கு!’ இரண்டு வருஷமாக அவன் ஒவ்வொரு தடவையும் ‘இருக்கேன்’ என்று இழுத்துக்கொண்டுதான் இருக்கிறான். மரம் என்ன பதில் சொல்லும்? அந்தப் பதில் வராத ஒரு நொடி ஒவ்வொரு முறையும் அவனைக் கொன்றது. கடலின் கனமெல்லாம் அந்த நொடியில்தான் நெஞ்சில் ஏறும்.

கண்ணாடி வழியாகத் தேடினான். மீன்கள் சிதறின. அப்போதுதான் அதைப் பார்த்தான்.

பாறையின் ஒரு விரிசலிலிருந்து கயிறு ஒன்று கிளம்பி, நட்டுவைத்தது போல் நேராக மேல்நோக்கி நின்றது. சணலும் அல்ல, இரும்புமல்ல. வெள்ளி மாதிரி மினுங்கியது. மேற்பரப்புக்கு மூன்று நான்கு ஆள் உயரம் கீழேயே நின்றுவிட்டது. அதன் நுனியை யாரும் பிடித்திருக்கவில்லை. அந்தக் கயிறு இழுத்தது. ஒரே ஓர் இழுப்பு. பிறகு சும்மா இருந்தது. மறுபடி ஓர் இழுப்பு.

‘நான் இருக்கேன்... நான் இருக்கேன்...’

வேறு எவனாக இருந்தாலும் வாலைச் சுருட்டிக்கொண்டு மேலே ஓடியிருப்பான். கஸ்பாருக்கு மயிர்க்கூச்செறிந்ததும் உண்மைதான். ஆனால் பாழாய்ப்போன கை சொன்ன பேச்சைக் கேட்டால்தானே! ஒரு கயிறு ‘இருக்கேன்’ என்று சொன்னால் பதில் சொல்லியே பழகிய குலம் அது. அவன் யோசிப்பதற்கு முன்னால் அவன் கை எட்டி அந்தக் கயிற்றைப் பிடித்து, ஒருமுறை இழுத்துவிட்டது.

கயிறு அப்படியே உறைந்தது. பிறகு வந்தது பாருங்கள்! படபடபடவென்று, பைத்தியம் பிடித்தது போல, கஸ்பாரின் தோள்மூட்டே கழன்றுவிடும் வேகத்தில் இழுப்பு. தூக்கு! தூக்கு! தூக்கு!

மூச்சு முட்டியது. கையை விடுவித்துக்கொண்டு கஸ்பார் மேலே பாய்ந்தான்.

வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து இருமி இருமிச் சொல்லி முடித்ததும், மொறாயிஸ் நங்கூரக் கயிற்றில் கைவைத்துவிட்டார். “பனிமய மாதாவே! போதும்ல, ஏறு! பேயப் பாத்தாச்சு, ஊருக்குப் போயி சொல்லியாச்சுன்னா நம்ம வேல முடிஞ்சுது.”

“இல்ல தண்டலே. நான் பதில் இழுத்துட்டேன்.”

மொறாயிஸின் கை நின்றுவிட்டது. பதில் இழுத்துவிட்டால், கீழே இருக்கும் ஆள் மேலே வந்து சேரும்வரை கயிற்றைக் கைவிடக் கூடாது. எதிரியாக இருந்தாலும் விடக் கூடாது. அந்தக் கரையில் கொலைகாரனை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், கயிற்றை விட்டவனை மன்னிக்க மாட்டார்கள்.

“பேய்க்குமால இது?” என்று முனகினார் மொறாயிஸ்.

“கயித்தோட மறுமுனையில இருக்கது யாருன்னு பாத்தா நாம பதில் சொல்றோம்?” என்றான் கஸ்பார்.

ஒருவரும் எதிர்பாராதபடி முன்தலைப்பிலிருந்து குரல் வந்தது. “தண்டலே, நம்ம கயித்துல ஒரு துண்ட அதோட நுனியில முடிஞ்சுட்டு வரச் சொல்லுங்க. நான் பிடிக்கேன்.”

கஸ்பாருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “கேட்டியளா தண்டலே! பேய்க்குக் கயிறு பிடிப்பாராம். எனக்கு மட்டும் பிடிக்க மாட்டாராம்!”

கஸ்பார் சணல் கயிற்றோடு இறங்கி, வெள்ளிக் கயிற்றின் நுனியில் முடிந்துவிட்டு வந்தான். லேயோனும் மொறாயிஸும் சேர்ந்து இழுத்துப் பார்த்தார்கள். வள்ளம்தான் சாய்ந்ததே தவிர, கீழே ஒன்றும் அசையவில்லை.

கஸ்பார் வள்ளத்தில் கிடந்த கடப்பாரையோடு மறுபடி இறங்கினான். விரிசலுக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. உள்ளே ஒரு குகை. அதன் வாயை அடைத்துப் பவழம் வளர்ந்து பாறையாகக் கெட்டித்துப் போயிருந்தது. பவழம் விரல்கடை வளரவே எத்தனையோ வருஷமாகும் என்று அவனுக்குத் தெரியும். இந்த அடைப்போ அவன் நெஞ்சளவு தடிமன். எத்தனை தலைமுறை! அவன் தாத்தனுக்குத் தாத்தன் பிறக்கும் முன்பே இது உள்ளே உட்கார்ந்து, யாரும் பிடிக்காத கயிற்றை இழுத்து ‘இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டே வருஷம் பதில் இல்லாமல் இருந்ததற்குத் தான் பட்ட பாடு கஸ்பாருக்கு நினைவு வந்தது. தண்ணீருக்குள்ளேயே அவன் கண் கலங்கியது.

இறங்கினான், இடித்தான், ஏறினான். மறுபடி இறங்கினான். காற்று வலுத்து வள்ளம் குதித்தது. மொறாயிஸ் இறைக்க இறைக்கத் தண்ணீர் உள்ளே வந்தது. கஸ்பாரின் உள்ளங்கையில் தோல் உரிந்தது. கடைசியில் பாறையில் ஒரு கீற்று ஓடியது. அந்தக் கீற்று வழியே குகைக்குள் வெளிச்சம் விழுந்தபோது அவன் பார்த்தான்: உள்ளே சங்குகள் வட்டமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தனியாக இருப்பவன் பேச்சுத்துணைக்கு அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. நடுவில் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சுழித்திருந்தது.

வலம்புரி!

கஸ்பாரின் கை தானாக உள்ளே போனது. விரல் அதைத் தொட்டது. எடுத்துக்கொண்டு ஏறினால் போதும். கடல் ஆயுசுக்கும் அவனுடையது. ஆனால் அவனுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு மூச்சு. உடம்பு ஓய்ந்துவிட்டது, இன்னொரு முறை இறங்க முடியாது என்று அவனுக்கே தெரிந்தது. காற்றும் விடாது. சங்கா, பாறையா? சங்குகளுக்குப் பின்னால் இருட்டில் ஏதோ அசைந்து, அவன் விரலை மெதுவாகத் தொட்டது. இருப்பது உண்மைதானா என்று தடவிப் பார்ப்பது போல அது தொட்டது.

கஸ்பார் கையை வெறுமையாக வெளியே எடுத்தான். கடப்பாரையைக் கீற்றுக்குள் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டான்.

படீர்! பாறை பிளந்து சரிந்தது. சரிந்த வேகத்தில் அவன் வலது காலின்மேல் விழுந்தது.

இழுத்தான், வரவில்லை. உதைத்தான், வரவில்லை. மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது. இடுப்புக் கயிற்றைப் படபடவென்று இழுத்தான். தூக்கு! இழுத்தபோதே அவனுக்கு நினைவு வந்துவிட்டது. மேலே இருப்பது மரம்! எத்தனை இழுத்தால் என்ன? சம்மாட்டி சொன்னது சரிதான், பாய்மரம் முழித்திருக்காது. ‘ரொசாரி, உன்கிட்டயே வாறேன்’ என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது கயிறு பதில் சொன்னது.

ஓர் இழுப்பு. அழுத்தமாக, பழைய அழுத்தத்தோடு. உலகத்தில் அப்படி இழுக்கும் கை ஒன்றே ஒன்றுதான் உண்டு.

அதே நேரம் குகைக்குள்ளிருந்து ஏதோ புறப்பட்டு வந்து, காலை அமுக்கிய பாறையைப் பிடித்தது. பாறை எழும்பியது. கால் விடுபட்டது. கயிறு விர்ரென்று அவனை மேலே தூக்கியது. பிறகு அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கண் விழித்தபோது வள்ளத்தின் அடியில் குப்புறக் கிடந்தான். வாயிலிருந்து உப்புத் தண்ணீர் கொட்டியது. எதிரே பாய்மரம் தெரிந்தது. அதில் கயிறு இல்லை. கயிறு லேயோனின் கையில் சுற்றியிருந்தது. உள்ளங்கை வெட்டுப்பட்டு ரத்தம் சொட்டியது. மற்றக் கையில் வெள்ளிக் கயிற்றோடு முடிந்த சணல் கயிறு.

“எப்ப அவுத்த?” என்று கேட்டான் கஸ்பார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேராகக் கேட்ட முதல் கேள்வி.

“நீ மொதல் தடவ குதிச்ச உடனே” என்றான் லேயோன். “நீ வம்பு பண்ணுவியேன்னு, ஏறும்போதெல்லாம் திருப்பிக் கட்டி வச்சேன். கீழ இருந்து நீ ஒத்த இழுப்பு இழுத்தியே, பதில் குடுக்கக் கை வரல.”

“ஏன் மச்சான் வரல? தங்கச்சி போயிட்டதாலயா?”

லேயோன் முகம் கோணிக்கொண்டது. அவ்வளவு பெரிய ஆள் உடைந்து அழுதான். “லேய், அவ செத்தப்ப அவ கையப் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன். பிடிச்சிருக்கும்போதே போயிட்டா. அன்னைக்குப் பிடிச்ச நடுக்கம், இன்னும் நிக்கல. இந்தக் கைய நம்பி உன்ன எப்பிடி இறக்குவேன்? உன்னையும் விட்டுட்டா அப்புறம் எனக்கு யாருல இருக்கா?”

கஸ்பார் அந்த ரத்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்கிய கைதான் அவனைத் தூக்கியிருக்கிறது! அட முட்டாளே, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு வருஷம் மிச்சமாகியிருக்குமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

“லேய்... உங்க அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கிடுங்க” என்றார் மொறாயிஸ், குரல் கீச்சிட. “விருந்தாளி வந்திருக்கு.”

விளிம்பைப் பிடித்து ஏறியது அது. கன்றுக்குட்டி அளவு இருந்தது. ஈரச் சாம்பல் நிறம். கை எது கால் எது என்று சொல்ல முடியாமல் ஆறேழு உறுப்புகள். முகத்தில் கண் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றே ஒன்று. மொறாயிஸ் துடுப்பை ஓங்கிக்கொண்டு செபம் சொன்னார். கஸ்பார் மட்டும் அதன் இடுப்பைப் பார்த்தான். அங்கே ஒரு பட்டை. பட்டையில் அந்த வெள்ளிக் கயிறு முடிந்திருந்தது. தன் இடுப்பில் எப்படியோ அப்படியே.

“துடுப்ப இறக்குங்க தண்டலே. இதுவும் என்னய மாதிரி ஒரு குளியாளிதான்.”

அந்தக் கண் மூவரையும் ஒவ்வொருவராக ஆவலோடு பார்த்தது. பிறகு இன்னொரு முறை பார்த்தது. வள்ளத்தின் மூலைமுடுக்கெல்லாம் பார்த்தது. அதன் உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து கீழே தொங்கின. அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

“அது அதோட மச்சான எதிர்பாத்து வந்திருக்கு” என்றான் கஸ்பார். “நான்தான் பதில் இழுத்து ஏமாத்திட்டேன்.”

அது தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

“ஆத்தாடி!” என்றார் மொறாயிஸ். “சந்திரனுக்கு ஆள் அனுப்பப் போறோம்னு ரேடியோல சொல்லுதானுவள்ளா, அந்த மாதிரி அங்கேருந்து இங்க குளிக்க வந்துதா? அப்போ அதுக்கு நம்ம வானமே கடலா? நாமெல்லாம் அடியில கெடக்க சங்கா?”

அது வெள்ளிக் கயிற்றின் நுனியைத் தேடி எடுத்தது. கஸ்பார் போட்ட முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தது. தண்ணீரிலிருந்து வெளியே வந்த நுனியில் வெயில் பட்டதும் ஓர் அதிசயம்! அது சிலிர்த்து, தானாக நீண்டு, மேலே ஏறத் தொடங்கியது. பாய்மரத்தைத் தாண்டியது, பறவை பறக்கும் உயரத்தையும் தாண்டியது. அப்புறம் கண்ணுக்கே எட்டவில்லை. தண்ணீருக்குள் விழுந்து மாட்டிக்கொண்டதால்தான் இத்தனை காலம் அதனால் நீள முடியாமல் இருந்திருக்கிறது.

அந்தக் குளியாளி கயிற்றை ஒருமுறை இழுத்தது. ‘நான் இருக்கேன்.’

பதில் இல்லை.

மறுபடி இழுத்தது. காற்று ஊளையிட்டது. வள்ளம் தலைகீழாகிவிடும் போல ஆடியது. பதில் இல்லை.

“மக்கா, நங்கூரம் அறுந்துரும். இனிமே நின்னா நாம கரை சேர மாட்டோம்” என்றார் மொறாயிஸ். “எத்தன காலமாச்சோ! மேல உள்ளவன் இன்னுமா பிடிச்சிட்டு இருப்பான்?”

“ஆள் ஏறுற வரைக்கும் விடக் கூடாது தண்டலே” என்றான் லேயோன். எழுந்து வந்து அந்தக் குளியாளியின் பக்கத்தில் நின்று, தன் நடுங்கும் கையை வெள்ளிக் கயிற்றில் வைத்தான். கஸ்பாரும் வைத்தான். மொறாயிஸ் என்னவெல்லாமோ திட்டினார்; திட்டிக்கொண்டே தண்ணீர் இறைத்தார். கயிற்றைப் பிடித்த மூன்று பேரும் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. கஸ்பாருக்குத் தன் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய தனிமையைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. மேலே வெறும் நீலம். அதில் எங்கேயும் ஒன்றும் இல்லை.

பிறகு கயிறு மெல்ல விறைத்தது.

ஓர் இழுப்பு.

மூன்று பேர் கையிலும் அது தெரிந்தது. ‘நானும் இருக்கேன்.’

“பிடிச்சிட்டுத்தான் இருக்கான் மாப்ள!” என்று லேயோன் அலறினான். “இத்தன காலமும் விடல! அவன் விடல!”

அந்தக் குளியாளியின் உறுப்புகளெல்லாம் கிடுகிடுவென நடுங்கின. அதற்கு அழத் தெரியுமா என்று கஸ்பாருக்குத் தெரியாது. அவன் அழுதான். அது வயிற்றுப் பக்கமிருந்து எதையோ எடுத்து அவன் கையில் வைத்தது. வலம்புரி. அவன் விரல் அதைத் தொட்டதையும், தொட்டுவிட்டு விட்டதையும் குகைக்குள்ளிருந்து அது பார்த்திருக்கிறது.

பிறகு படபடவென்று கயிற்றை இழுத்தது. தூக்கு!

ஒரு நொடிதான். நீலத்துக்குள் போயே போய்விட்டது.

திரும்பிய கதையைச் சொன்னால் அது தனிக் கதை. பாய் கிழிந்தது, ஒரு துடுப்பு உடைந்தது, தீவுக்குப் பக்கத்தில் நீவாடு இரண்டு முறை சுழற்றி அடித்தது. ஆனால் பொழுது சாயும் முன் வள்ளம் கரையேறியது. கஸ்பார் நொண்டிக்கொண்டே போய்க் கோமஸ் சம்மாட்டியின் முன்னால் வலம்புரியை வைத்தான். கரை முழுக்க ஒரே ஆரவாரம்! பேய் என்ன ஆயிற்று என்று மொறாயிஸ் சொன்னதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை. அந்தத் துக்கம் அவருக்கு ரொம்ப நாள் இருந்தது.

சம்மாட்டி சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆம்பளதாம்ல நீ! சொன்ன சொல் மாற மாட்டேன். இனி உன் இஷ்டம். பாய்மரத்துலயே கட்டிக்கோ.”

“பாய்மரம் வேண்டாம் சம்மாட்டி” என்றான் கஸ்பார். “எனக்கு மச்சான் இருக்கான்.”

“அவன் கைதான் நடுங்குதே!”

“நடுங்கட்டும். முழிச்சிருக்கும்லா?”

கால் ஆறிய பிறகு கஸ்பார் மறுபடி கடலில் இறங்கினான். மணலில் கால் பட்டதும் ஒருமுறை இழுத்தான். மேலிருந்து உடனே பதில் வந்தது. இழுப்பில் லேசாக ஒரு நடுக்கம் இருந்தது. கஸ்பார் சங்கு பொறுக்கினான். நடுவில் காரணமே இல்லாமல் இன்னொரு முறை இழுத்தான். பதில் வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. அதற்கும் வந்தது.

மேலே வந்ததும் லேயோன் சீறினான். “என்னல, சும்மா சும்மா இழுக்க?”

“சும்மாதான் மச்சான்” என்றான் கஸ்பார்.